வாயில் ஆணி

மெத்தைக்காரர் வாய் நிறைய ஆணியோடுதான் வேலை செய்வார். பொடி ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளுவார். காந்தச் சுத்தியலை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி அதன் முனையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தட்டில் அது நாற்காலிச் சட்டத்தில் இறங்கியிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள், மனுஷர் விழுங்கிவிடப் போகிறார் என்று பதறுவார்கள். இத்தனை வருஷத்தில் அவர் விழுங்கியதெல்லாம் வெறும் பேச்சுத்தான் என்பாள் அவர் மனைவி.

வாயில் ஆணி இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதில் அவருக்கு ஒரு சௌகரியம். யார் என்ன கேட்டாலும் 'ம்'தான். அந்த 'ம்'மிலேயே மனைவி தரம் பிரித்து வைத்திருந்தாள். சட்டென்று வந்தால் சரி. இழுத்து வந்தால் அப்புறம் பார்க்கலாம். மூக்கால் வந்தால் உன் அண்ணன் பேச்சை எடுக்காதே. போதகர் ஜெபம் பண்ண வந்தால் மட்டும் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டுக் கண்ணை மூடுவார். ஆமென் சொன்ன கையோடு எல்லாம் திரும்ப வாய்க்குள் போய்விடும். வேறு யாருக்காகவும், பெற்ற மகளுக்காகக்கூட, அவர் ஆணியைத் துப்பி ஒருத்தரும் பார்த்ததில்லை.

வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின். உறை தைப்பது முழுக்க அவள் பொறுப்பு. சட்டம் இறுக்குவது, ஸ்பிரிங்கைத் தாங்குகிற நாடாப்பட்டையை இழுத்துக் கட்டுவது, ஸ்பிரிங் நிறுத்துவது எல்லாம் அவர்களுடைய ஒரே மகள். பழைய சோபாவைக் கிழித்தால் உள்ளேயிருந்து சீப்பு, பொத்தான், பொம்மையின் கால், யாரோ தேடித் தேடி ஓய்ந்துபோன மூக்குக்கண்ணாடி என்று என்னென்னவோ விழும். மகள் அதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, உரியவர்களிடம் கொடுத்துச் சிரிக்க வைப்பாள். அவள் இருந்தால் பட்டறை கலகலவென்று இருக்கும். அவள் பேச்சு, மெஷின் சத்தம், சுத்தியல் சத்தம், நடுநடுவே ஒரு 'ம்'.

மழை ஆரம்பித்த பிறகு அந்தக் கலகலப்பு நின்றுபோனது. மெத்தைக்காரர் காலையில் ரொட்டியை முழுங்கிய கையோடு வாயில் ஆணியைப் போட்டுக்கொண்டார். ஃபோம் வெட்டும்போதும் ஆணி, ரெக்ஸினைத் துடைக்கும்போதும் ஆணி. ஆணிக்கு வேலையே இல்லாத வேலைக்கெல்லாம் வாயில் ஆணி.

காரணம் இதுதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சூப் குடித்து முடித்த பிறகு, மகள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும். நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்தே அப்படித்தான். அந்த நர்ஸ் வருவா இல்ல, அவளும் நானும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புறோம்."

நர்ஸ் கோடையில் வந்தவள். செத்துப்போன தன் அப்பாவின் கை வைத்த நாற்காலியை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "இதை எப்படியாவது காப்பாத்திக் கொடுங்க அங்கிள்," என்றாள். ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கிற மாதிரி அவ்வளவு அக்கறை. பிறகு வாராவாரம் நாற்காலியைப் பார்க்க வந்தாள். ஒரு நாற்காலியைப் பார்க்க இத்தனை தடவை யாராவது வருவார்களா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும் என்று அம்மாவுக்கு இப்போது தோன்றியது.

"அவளுக்குத் துறைமுகத்துப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரில வேலை கிடைச்சிருக்கு," என்றாள் மகள். "நாற்காலி முடிஞ்சதும் வண்டி எடுத்துட்டு வருவா. அவ வர்ற அந்த ஞாயித்துக்கிழமை இதே மேஜையில அவளுக்கு ஒரு தட்டு வைப்பீங்களா? என் ஃப்ரெண்டுன்னு இல்ல, என் துணைன்னு. வைப்பீங்கன்னா நான் அங்கேயும் இருப்பேன், இங்கேயும் வந்து வேலை பார்ப்பேன். மாட்டீங்கன்னா நானும் அதே வண்டியில ஏறிடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டேன். கோவத்துல சொல்லல. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

நிதானமாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் அம்மா திருப்பிக் கத்தியிருக்கலாம். அப்பா எழுந்து பட்டறைக்குப் போனார். டப்பாவில் ஆணி அள்ளுகிற சத்தம் கேட்டது.

புருஷனும் பெண்டாட்டியும் இதைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை. நேரே போதகரிடம் போனார்கள். போதகர் நல்ல மனுஷர். எதையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தும்முவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் தாடையைத் தடவினார்.

"முதல்ல இது பிறவியிலேயே வர்றதா, பழக்கத்துல கத்துக்கிறதான்னு தெரியணும். என் அலமாரியில ரெண்டு விதமாவும் எழுதியிருக்கு. எழுதினவங்க எல்லாரும் விசுவாசிகள்தான், வசனம் தெரிஞ்சவங்கதான். கத்துக்கிட்டதுன்னா, அது மாறணும்னு ஜெபிக்கலாம். பிறவின்னா, தாங்கிக்கிற பலத்துக்கு ஜெபிக்கலாம். எதுக்காக ஜெபிக்கிறோம்னே தெரியாம எப்படி ஜெபிக்கிறது, சொல்லுங்க?"

அவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. மகள் கேட்ட தட்டு ஒரு பக்கம் இருக்க, இந்தக் கேள்வி அவர்களைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கூட்டத்தில் ஏதாவது ஒரு கேள்விக்கு இரண்டு பக்கம் இருந்தால், எதிரெதிராக இரண்டு பெஞ்சு போடுவார்கள். அவரவர் நினைப்புக்குத் தக்க பெஞ்சில் உட்கார வேண்டும். பேச்சின் நடுவே மனசு மாறினால் எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போய்விட வேண்டும். மாறினேன் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை, கேலி பண்ணவும் கூடாது. போதகர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். ஞானஸ்நானத் தொட்டியை எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு ஒரு தடவை ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்து ஒரு பெஞ்சே உடைந்துபோயிற்று. கோயிலின் நீளப் பெஞ்சுகளில் இரண்டு இப்போது மெத்தை மாற்றுவதற்காக மெத்தைக்காரர் பட்டறையில்தான் கிடந்தன. அதனால் புதன்கிழமைக் கூட்டம் அங்கேயே என்று முடிவாயிற்று.

"நீங்க எந்தப் பெஞ்சு?" என்று கேட்டாள் மனைவி, மெஷினை நிறுத்தாமல்.

அவர் சுத்தியலால் இடதுபக்கப் பெஞ்சைக் காட்டினார். அது கற்றுக்கொண்டது என்கிறவர்களின் பெஞ்சு.

"கத்துக்கிட்டதா? யார்கிட்ட கத்துக்கிட்டா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குச் சுருக்கென்றது. ராத்திரி பகல் பக்கத்தில் இருந்து வளர்த்தவள் யார்? இவள்தானே. அப்படியென்றால் வளர்ப்புச் சரியில்லை என்கிறார்.

"நான் வலது பக்கம்," என்றாள். "பிறவிதான்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறவி என்றால் யாருடைய ரத்தம்? அவர் அக்கா இந்த வயசுவரை கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எங்கள் வீட்டு ரத்தத்தைச் சொல்கிறாள் என்று அவருக்கும் கோபம் வந்தது. வாயில்தான் ஆணி இருக்கிறதே, கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் உப்பைக்கூடக் கேட்டு வாங்காமல் எழுந்துபோய் எடுத்துக்கொண்டார்கள்.

நர்ஸின் நாற்காலி மூலையில் எலும்புக்கூடாக நின்றது. பகலில் மகள் அதற்குப் பட்டை இழுத்துக் கட்டுவாள். மறுநாள் வந்து பார்த்தால் பட்டையைக் காணோம்.

"அப்பா, நேத்து நான் கட்டின பட்டை எங்க?"

"ம்ம்ம்."

"தளர்வா இருந்துச்சா?"

"ம்."

அவள் மறுபடி கட்டினாள். மறுபடி காணோம். பெண்ணின் மேல் உள்ள கோபத்தை நாற்காலியின் மேல் காட்டுகிறாரே, இவ்வளவு கல் மனசா என்று அம்மாவுக்கு ஆற்றாமையாக இருந்தது.

புதன்கிழமை தகரக் கூரைமேல் மழை கொட்டியது. குடைகள் வாசலில் குவிந்தன. முதலில் வந்தது மெத்தைக்காரரின் அக்கா, ஓய்வு பெற்ற டீச்சர். வந்ததுமே பெஞ்சில் விரலை வைத்துத் தேய்த்துத் தூசி பார்த்தாள். அடுத்து பேக்கரி நடத்துகிற அம்மா, சூடாக இரண்டு ரொட்டியோடு. பிறகு ரயில்வேயில் கார்டாக இருந்த பெரியவர். எந்தப் பெஞ்சில் புது மெத்தை போட்டாயிற்றோ அதில் போய் உட்கார்ந்துகொண்டார். அது பிறவிப் பெஞ்சு. இன்னும் நாலைந்து பேர். மகள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். மெத்தைக்காரர் ஆணிகளைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டார். ஆமென் சொன்ன பிறகு, இத்தனை பேர் எதிரில் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டு, கையை மூடிக்கொண்டு இடது பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே வலது பெஞ்சில் அவர் மனைவி.

"இது பொதுவான கேள்வி," என்றார் போதகர். "யாரையும் மனசுல வச்சுக் கேட்கல."

"ஆமாமா, பொதுதான்," என்றார்கள் எல்லோரும், சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே.

டீச்சர்தான் தொடங்கினாள். "எல்லாமே கத்துக்கிறதுதான். பேச்சு கத்துக்கிறது, நடை கத்துக்கிறது. ஒரு வகுப்புல ஒருத்தன் நகத்தைக் கடிச்சா மறு வாரம் பத்துப் பேர் கடிக்கிறான். நான் பார்த்திருக்கேன். பழகுற ஆளு, பார்க்கிற படம், கையில இருக்கிற ஃபோன், எல்லாம் அதுலேர்ந்துதான் வருது."

"ஃபோன் வர்றதுக்கு முன்னாடியும் இருந்திருக்கே டீச்சர்," என்றார் கார்டு. "எங்க லைன்ல ரெண்டு டிரைவர். ஒரே குவார்ட்டர்ஸ்ல வாழ்ந்து, ஒருத்தன் செத்ததும் மறு மாசம் மத்தவனும் போயிட்டான். அவங்களுக்கு எந்த ஃபோன் சொல்லிக்கொடுத்துச்சு?"

"அது சிநேகம்."

"சரி, சிநேகம். நான் ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கல?"

"பிடிக்கல."

"யாரையுமா?"

"யாரையும்தான். அந்த நினைப்பே வரல. எங்க அம்மா தலைகீழா நின்னாங்க, வரல."

"அதை யார் சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லிக்கொடுக்கல. எனக்கே..." டீச்சர் பாதியில் நின்றாள். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போக அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் இருந்த பெஞ்சிலேயே ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

பேக்கரி அம்மா இருமினாள். "பிறவின்னே வச்சுக்குவோம். பிறவில வர்றதையெல்லாம் அப்படியே விட்டுடறதா? எனக்குப் பிறவியிலேயே கோவம். அடக்கிக்கன்னுதானே சபை சொல்லுது?"

"நீங்க இன்னும் அடக்கின மாதிரி தெரியலியே," என்றார் கார்டு. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

"சிரிங்க. ஆனா பதில் சொல்லுங்க."

"கோவத்துல அடுத்தவன் மேல அடி விழுது," என்றார் கார்டு. "இதுல யார் மேல அடி விழுது?"

"பெத்தவங்க மேல," என்றாள் பேக்கரி அம்மா மெதுவாக. குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. அவளுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

மெத்தைக்காரரின் மனைவிக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டாள். பெஞ்சு மாறப்போகிறாள் என்று நினைத்து எதிர்ப் பெஞ்சில் இடம் விட்டார்கள்.

"நான் மாறல," என்றாள். "நான் இந்தப் பெஞ்சுல உட்கார்ந்ததுக்குக் காரணம் இருக்கு. ஐயா, இது பொது இல்ல. என் பொண்ணைப் பத்தித்தான் பேசுறோம், எல்லாருக்கும் தெரியும். அவ என் வயித்துல இருக்கும்போது பையன் வேணும்னு உபவாசம் இருந்தேன். இவருக்குத் தொழில்ல கூட நிக்க ஒரு பையன் வேணும்னு. சும்மா இல்ல, முட்டி தேய ஜெபம் பண்ணேன். ஆண்டவர் பொண்ணா உருவாக்கிக்கிட்டு இருந்திருக்கார். நான் நடுவுல போய்த் தொந்தரவு பண்ணிட்டேன். உடம்பைப் பொண்ணாவே முடிச்சுட்டார், உள்ள மட்டும் என் ஜெபத்தைக் கேட்டுட்டார். பிறவிதான் ஐயா. ஆனா அந்தப் பிறவியைக் கெடுத்தது நான். அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடப் பைத்தியமே!" என்றாள் டீச்சர். "ஜெபத்துக்கு அவ்வளவு வேகமா? இவனுக்குப் புத்தி வரணும்னு நான் சின்ன வயசுலேர்ந்து ஜெபம் பண்றேன், இன்னும் வந்தபாடில்லை!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் மெத்தைக்காரர் எழுந்து நின்றிருந்தார். ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த கதவு மாதிரி அவர் குரல் கரகரத்தது.

"அவ சொல்றது தப்பு. ஜெபமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான்தான். நடக்க ஆரம்பிச்சதும் கையில சுத்தியலைக் கொடுத்தேன். பொம்மை கேட்டா ஸ்பிரிங்கைக் கொடுத்தேன். முடி வளர்த்தா மெஷின்ல மாட்டிக்கும்னு ஒட்ட வெட்டி விட்டேன். வர்றவன்கிட்டயெல்லாம் இவதான் என் பையன்னு பெருமையாச் சொன்னேன். ஒரு தடவை இல்ல, ஓராயிரம் தடவை. கேட்டுக் கேட்டு அப்படியே ஆயிட்டா. கத்துக்கொடுத்தது நான். அதான் இந்தப் பெஞ்சு."

மனைவி அவரையே பார்த்தாள். "நீங்க என் வளர்ப்பைச் சொல்றீங்கன்னு நினைச்சேன்."

"நீ எங்க வீட்டு ரத்தத்தைச் சொல்றேன்னு நினைச்சேன்."

"ரத்தத்தை ஏன் சொல்றேன்? தப்பு என்னோடது."

"உன்னோடது இல்லைங்கிறேன்."

"வயித்துல சுமந்தவளுக்குத் தெரியாதா?"

"தொழில் சொல்லிக்கொடுத்தவனுக்குத் தெரியாதா?"

சத்தம் ஏறிக்கொண்டே போனது. கார்டு இரண்டு கையையும் தூக்கினார், சிவப்புக் கொடி காட்டிப் பழகியவர். "தப்பு உன்னோடதுன்னு அடிச்சுக்கிறவங்களைத்தான் பார்த்திருக்கேன். என்னோடது என்னோடதுன்னு பிடுங்கிக்கிறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். சமையலறை வாசலில் மகள் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. உதட்டோரம் சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது.

"அம்மா, அந்த நர்ஸோட அம்மா, பொண்ணுதான் வேணும்னு வருஷக்கணக்கா ஜெபம் பண்ணிப் பெத்தாங்களாம். அப்பா, அவளுக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாது. அவங்க வீட்டுல அவளைத் தம்புரா மாதிரி துணி சுத்தி வச்சு வளர்த்தாங்க. அப்புறம் அவ எப்படி இப்படி ஆனா?"

டீத் தட்டைக் கையில் பிடித்தபடியே இரண்டு பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சா சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் எனக்காக இவ்வளவு பாரத்தைத் தலையில தூக்கி வச்சிருக்கீங்க, அது புரியுது. ஆனா தப்பு யாரோடதுன்னுதானே சண்டை போட்டீங்க? தப்புன்னு ஒண்ணு நடந்துச்சான்னு ஒருத்தர்கூடக் கேட்கலியே. நான் என்ன தொலைஞ்சா போயிட்டேன்? இதோ டீ போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். நான் கேட்டது ஒரு தட்டு. அதுக்கு ரெண்டு பெஞ்சு போட்டுட்டீங்க."

டீத் தட்டை வெட்டுமேஜையில் வைத்துவிட்டு, சுருட்டி வைத்திருந்த ஃபோம் மேல் போய் உட்கார்ந்தாள். அம்மா நடுவே நடந்து போய், மகள் பக்கத்தில் நின்று, கோப்பைகளில் டீயை ஊற்ற ஆரம்பித்தாள்.

"ஏம்மா, எந்தப் பெஞ்சுன்னு சொல்லிட்டு ஊத்து," என்றாள் டீச்சர். "நடுவுல இருக்கிறதுக்கு நம்ம சபையில வழக்கம் இல்லியே."

"அப்ப நான் நின்னுக்கிட்டே இருக்கேன் அக்கா," என்றாள் அவள். மகளின் தோளில் அவள் இடது கை இருந்தது.

போதகர் டீயை வாங்கிக்கொண்டார். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "உண்மையைச் சொல்லிடறேன். இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சுடும்னு நம்பி வந்தேன். தெரியல. வசனத்தை நான் படிச்ச விதத்துல எனக்கு இன்னும் மனசு ஒப்பல, அதை மறைக்க மாட்டேன். இது தெளியாம நான் பிரசங்கம் பண்ண முடியாது." மகளையும், பிறகு பெற்றவர்களையும் பார்த்தார். "ஆனா இது தெளிஞ்சாதான் நீங்க சாப்பாடு போடணும்னு யாரும் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல."

கூட்டம் ஜெபத்தோடு கலைந்தது. கார்டு மட்டும் போகும்போது மெத்தையை இரண்டு தட்டுத் தட்டி நன்றாக வந்திருக்கிறது என்றார். மெத்தைக்காரர் கடைசிவரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு மூடிய கையைத் திறந்தார். ஆணிகள் பதிந்து உள்ளங்கை சிவந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவி பட்டறைக்கு வந்தபோது, அவர் நர்ஸின் நாற்காலியிலிருந்து பட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மகள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, இன்னுமா?" என்றாள். "அந்தப் பிள்ளை மேல இருக்கிற கோவத்தை இது மேல காட்டுறீங்களே, இது செத்துப்போன ஒரு மனுஷன் உட்கார்ந்த நாற்காலி."

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை. ஏதோ சொல்ல முயன்றார், 'ம்' என்றுகூட வரவில்லை. பட்டையின் நுனியைப் பிடித்தபடி நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முப்பது வருஷத்தில் எல்லா 'ம்'மையும் படித்தவளுக்கு இந்த மௌனம் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நாற்காலி முடிஞ்சதும் வண்டி எடுத்துட்டு வருவா என்று மகள் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நாற்காலி முடியாதவரை வண்டி வராது. வண்டி வராதவரை மகள் போகமாட்டாள். இந்த மனுஷனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அவளுக்கு அவரைத் திட்டவும் வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டும் செய்யாமல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். நர்ஸ் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுப் போயிருந்த பச்சைத் துணியை விரித்தாள்.

"முடிச்சுடுங்க," என்றாள். "முடிக்காம வச்சிருந்தா நாற்காலிதான் நம்மகிட்ட இருக்கும். அவ இருக்கமாட்டா."

மெஷின் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பட்டையை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது. அவர் கட்டினால் விரலால் சுண்டிப் பார்ப்பார், டங்கென்று சத்தம் வர வேண்டும். வந்தது. மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் மூன்று பேரும் அந்த ஒரே நாற்காலியில் வேலை செய்தார்கள். முனை மடிப்பெல்லாம் அவர் கையால்தான். அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை என்று மனைவி நினைத்தாள், ஆனால் சொல்லவில்லை. அவரும் தட்டு விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. மகள் ஒரு பையில் துணிகளை அடுக்கி வைத்ததை இருவருமே பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அம்மா மேஜையில் நான்கு தட்டு வைத்தாள். உருளைக்கிழங்கு வெந்திருந்தது, சூப் அடுப்பில் இருந்தது. கேட்காமலே வைத்துவிட்டாள். மெத்தைக்காரர் வந்து தட்டுகளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற மாதிரி பார்த்தார். பிறகு பட்டறைக்குப் போனார். டப்பாவில் கை விடுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை சுத்தியலைத் தொடாத மனுஷர், கோயிலுக்குப் போட்டுக்கொண்டுபோன வெள்ளைச் சட்டையோடு வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு, முடித்த நாற்காலியின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், பதில் இல்லை என்பதுதான் பதில் என்று அம்மா நினைத்தாள்.

வாசலில் வண்டி நின்றது. மகள் சமையலறையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள், மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நர்ஸ் இறங்கி வந்து படியிலேயே நின்றுவிட்டாள். குடை இல்லை. முன்பெல்லாம் 'அங்கிள்' என்று கூவிக்கொண்டே நேரே உள்ளே வருகிறவள், இன்று செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் பார்வை நாற்காலியில் போய் நின்றது. பச்சைத் துணியில், நிமிர்ந்து, யாராவது வந்து உட்காரட்டும் என்று காத்திருக்கிற நாற்காலி. தன் அப்பாவின் நாற்காலியைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. அழாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

மெத்தைக்காரர் அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். இடது கையை வாயருகே கொண்டுபோனார். அவர் குனிந்து ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். ஒன்று உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது, அதையும் விரலால் எடுத்தார். எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டி மூடியைப் போட்டு மூடினார்.

"உள்ள வாம்மா," என்றார். "மழையில நிக்காத. அப்பா நாற்காலி முடிஞ்சுது. உட்கார்ந்து பாரு, சரியா இருக்கான்னு சொல்லு. அப்புறம் எல்லாரும் சாப்பிடலாம்."

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. அப்பாவின் குரல் இவ்வளவு தெளிவாக அந்த வீட்டில் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் மகளுக்குத் தெரியும்.

"அம்மா," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள், "போதகரா வந்திருக்கார்?"

"இல்லடி," என்றாள் அம்மா. "நம்ம வீட்டு ஆளுதான். நீ வந்து சூப்பை ஊத்து."